காற்று வருஷமும் தண்ணீர் வருஷமும்

என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1953 மே மாதம் என்று இருக்கிறது. அந்தத் தாளைப் பற்றிப் பேச்சு வந்தாலே அப்பாயிக்குக் கோபம் வந்துவிடும். "பிறக்காத பிள்ளையையா நான் பத்தாயத்துக்குள் படுக்க வைத்தேன்?" என்று கேட்பார். 1952 புயலைத்தான் அவர் காற்று வருஷம் என்பார். காற்று வருஷத்தில் அப்பாவுக்குத் தலை நின்றிருந்ததாம், இன்னும் குப்புற விழவில்லையாம். அந்தப் புயல் வந்த 1952 நவம்பர் 30-லிருந்து பின்னோக்கி எண்ணினால் அவர் ஆடியில் பிறந்திருக்க வேண்டும். அரசாங்கத்தின் தாளைவிட அப்பாயியின் புயல் கணக்கைத்தான் நான் நம்புகிறேன்.

எங்கள் ஊர் வேதாரண்யம். வெளியூர்க்காரர்களுக்கு 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். எங்களுக்கு உப்பளமும் முல்லைப் பூவும் மாந்தோப்பும் மீன்பிடித் துறைகளும் சேர்ந்த ஊர். வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். சென்னையிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. அந்த முழங்கையில் உட்கார்ந்திருக்கிறோம். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் சதுப்பு. ஆழம் குறைந்த கடலில் புயல் தள்ளி வரும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே எழும். எனவே இந்தப் பக்கம் வரும் புயலுக்குக் காற்று ஒரு கை என்றால் கடல் இன்னொரு கை.

உள்ளே போனால் கருப்பம்புலம், கத்தரிப்புலம், ஆயக்காரன்புலம் என்று வரிசையாகப் புலங்கள். கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல் வரிகள்மேல்தான் இந்த ஊர்கள் இருக்கின்றன. மேட்டில் வீடும் தோப்பும், இரண்டு மேட்டுக்கு நடுவில் உள்ள தாழ்வில் வயல். என் தாத்தாவின் வீடும் அப்படி ஒரு மேட்டில்தான் இருந்தது. எனக்கு ஊரில் தேரோடும் வீதிக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை. பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதி அந்த மேட்டு வீட்டில் கழிந்தது. இங்கே எழுதுவதில் பாதி அந்தத் திண்ணையில் கேட்டது.

அப்பாயி இரண்டு புயல்களை இரண்டு பெயரில் சொல்லுவார். 1952 காற்று வருஷம். 1955 தண்ணீர் வருஷம்.

1952-இல் கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாளில் அது வந்தது. தீபத்துக்கு வாங்கி வைத்த அகல்கள் ஏற்றப்படாமலேயே கூடைக்குள் உடைந்து கிடந்தன என்பதை அவர் கடைசி வரை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோ இருந்த வீடு அந்தப் புலத்தில் ஒன்றுகூட இல்லை. மதியத்துக்கு மேல் வாடைக்காற்று பலத்தபோது, கார்த்திகையில் அடிக்கும் வழக்கமான வாடை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். கீற்றுக் கூரை மொத்தமாகப் பிய்ந்து போனது. தாத்தா பத்தாயத்திலிருந்த நெல்லில் பாதியை வாரிக் கொட்டிவிட்டு, குழந்தையையும் அப்பாயியையும் உள்ளே இறக்கி, மேல் பலகையைச் சாய்த்துப் போட்டிருக்கிறார். அவர் வெளியே பத்தாயத்தின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நெல்லின் வாசமும் கைக்குழந்தையின் அழுகையும் மட்டும்தான் நினைவிருக்கிறது என்பார் அப்பாயி. நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்த அந்தப் புயலில் சுமார் 400 பேர் இறந்தார்கள் என்பது பின்னாளில் நான் படித்தது. அவருடைய கணக்கில் இருந்தது நான்கு மாடுகள். கொட்டிலில் கட்டிப்போட்ட இடத்திலேயே நான்கும் செத்துக் கிடந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: காற்று பெருத்தால் முதலில் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். மனிதர்களைவிட மாட்டுக்கு மேடு தெரியும்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1955 டிசம்பர் 1, தண்ணீர் வருஷம். அந்தப் புயல் எங்களுக்கு மேற்கே ராஜாமடம் பக்கம் போனது. கடல் 5 மீட்டர் வரை எழுந்து 16 கிலோமீட்டர் உள்ளே புகுந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. ஏறத்தாழ 500 உயிர்கள். எங்கள் புலத்தின் மேட்டில் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் சுற்றியிருந்த வயலெல்லாம் ஒரே வெள்ளக்காடாகி, வடிந்தபின் மண் வெளுத்து உப்புப் பூத்துக் கிடந்ததாம். "காற்று வருஷத்தில் வீடு போனது, நிலம் இருந்தது. தண்ணீர் வருஷத்தில் வீடு இருந்தது, நிலம் போனது" என்று அப்பாயி பிரித்துச் சொல்லுவார். சின்ன வயதில் இது பழமொழி போலக் காதில் விழுந்தது. ஒவ்வொரு புயலும் ஒவ்வொரு விதத்தில் எடுக்கும் என்பதை அந்த இரண்டு வரியில் அவர் சொல்லிவிட்டார். எனக்கு அது விளங்க 2018 வரை ஆனது.

1977-ஐ நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. எனக்கு இரண்டு வயது. தீபாவளி கழிந்த கையோடு, நவம்பர் 12 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறியது. தஞ்சாவூர், திருச்சி வரை மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று போயிற்று. 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். 23,000 கால்நடைகள் செத்தன. எங்கள் மாடுகள் அதில் இல்லை. அம்மா புதுச் சேலை நனைய நனையப் போய்க் கயிறுகளை அவிழ்த்துவிட்டதாகச் சொல்லுவார். தீபாவளிக்கு எடுத்த அந்தச் சேலையின் சாயம் மழையில் இறங்கிப் பிஞ்சு உள்ளங்கைகளெல்லாம் அரக்காகி, நான் அதைப் பார்த்து ரத்தம் என்று அழுதேனாம்.

இந்தப் புயலைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தில் திவிசீமையை இன்னொரு புயல் துடைத்துப் போட்டது. அங்கே ஆயிரக்கணக்கில் சாவு. நாட்டின் கண் முழுவதும் அங்கே திரும்பியது, அது நியாயமும்கூட. ஆனால் எங்கள் 560 பேர் அந்தப் பெரிய துக்கத்துக்குள் கரைந்து போனார்கள். இன்று 1977 புயல் என்று தேடினால் திவிசீமைதான் முதலில் வருகிறது. வங்காள விரிகுடாப் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004-இல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றுக்கு ஆண்டுதான் பெயர். ஒரே ஆண்டில் இரண்டு வந்தால் சின்னது பெயரையும் இழந்துவிடுகிறது.

பிறகு வந்த பல ஆண்டுகளில் பயம் வந்து வந்து திரும்பியது. 1993 டிசம்பரில் காரைக்காலுக்கு வடக்கே போனது. 2008 நவம்பரில் நிஷா காரைக்கால் பக்கம் கரையேறி டெல்டா முழுவதையும் மழையில் முக்கியது. ஐப்பசி பிறந்தால் அப்பா ரேடியோவில் கூண்டு எண்ணுக்காகக் காத்திருப்பார். நாகைத் துறைமுகத்தில் மூன்றாம் எண், ஐந்தாம் எண் என்று சொல்லச் சொல்ல, அம்மா அரிசியையும் மண்ணெண்ணெயையும் பரணில் ஏற்றுவார். பத்து வரை அபாயத்தின் அளவு. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். சின்ன வயதில் அந்தப் பதினொன்றை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

2004 டிசம்பர் 26-இல் எந்தக் கூண்டும் ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, மார்கழித் திருவாதிரை. வேதாரண்யேஸ்வரர் கோவிலில் கூட்டம். கடையில் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்பது மணிக்குப் பிறகு கிழக்கேயிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "கடல் வருகிறது, கடல் வருகிறது" என்பதைத் தவிர யாருக்கும் வேறு சொல் வரவில்லை. நான் வானத்தைப் பார்த்தேன். துளி மேகம் இல்லை. அம்மாவைக் கூட்டி வர வீட்டுக்கு ஓடினேன். அவர் கோலத்தில் வைத்திருந்த பூசணிப்பூவைப் பார்த்தபடி, "இலைகூட ஆடவில்லையே, காற்று இல்லாமல் கடல் எப்படி வரும்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. ஐம்பது ஆண்டுப் புயல் அறிவு அவ்வளவும் அன்று அந்த வாசலில் பயன்படாமல் நின்றது. சுனாமி என்ற சொல்லை மாலையில் தொலைக்காட்சியில்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்குப் போய் உதவிவிட்டுத் திரும்பிய என் நண்பர்கள் பல நாள் யாரோடும் பேசவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. எங்கள் ஊரின் மையத்துக்குள் தண்ணீர் வரவில்லை. காரணம் கடற்கரையில் நின்ற மணல்மேடுகள். பக்கத்தில் நாலுவேதபதியில் இன்னொரு காரணமும் இருந்தது. 2002-இல் கின்னஸ் சாதனைக்காக அந்த ஊர்க்காரர்கள் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டிருந்தார்கள். இரண்டு வயதான அந்தச் சவுக்கும் பிற மரங்களும் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு ஊரைக் காப்பாற்றின. சாதனைக்காக நட்ட மரம் சாவுக்கு முன்னால் போய் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் அன்று போயிற்று. சிறுவயதில் நாங்கள் பாலைப்பழம் தின்றுகொண்டே அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்பாயி 2009-இல் இறந்தார். அவர் இருந்திருந்தால் 2018-இல் நான் செய்த தவற்றைத் தடுத்திருப்பார் என்று நம்புகிறேன்.

அந்த நவம்பரில் கஜா வருகிறது என்று ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எச்சரிக்கையில் குறையில்லை. தாழ்வான பகுதி மக்களை முகாம்களுக்கு ஏற்றினார்கள். அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. என் மனத்தில் ஓடியது வேறு. 2004-க்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் பயம் என்றால் கடல்தான். கடல் உள்ளே வந்துவிடும் என்ற எண்ணத்திலேயே, 15-ஆம் தேதி வியாழக்கிழமை மதியம், ஊரில் இருந்த கான்கிரீட் வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவியையும் மகளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு புலத்து வீட்டுக்குப் போனேன். மேடு, தண்ணீர் ஏறாது. சுற்றிலும் தென்னையும் மாவும் பலாவுமாக நான்கு ஏக்கர் தோப்பு, மேலே நாட்டு ஓடு. தண்ணீருக்குப் பயந்து காற்றின் வாயில் கொண்டுபோய்க் குடும்பத்தை வைத்தேன். நான் மட்டுமில்லை, கரையோரத்து உறவினர்கள் பலர் அன்று எங்களைப் போல உள்ளூர்ப் புலங்களுக்குத்தான் வந்திருந்தார்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு வாடை வந்தது. மரம் ஒடிவது தெரியும் என்று நினைத்திருந்தேன். ஓசைகளைப் பிரித்தறியவே முடியவில்லை. சுவரில் தேங்காய் மோதும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. கூடத்தின் ஓடுகள் ஒரு மூலையிலிருந்து வரிசையாகக் கிளம்பின, யாரோ சீட்டுக்கட்டைக் கலைப்பது போல. பின்னறையில் அந்தப் பழைய பத்தாயம் இருந்தது. எத்தனையோ ஆண்டாக அதில் நெல் இல்லை; பழைய பாத்திரங்கள்தான். பாத்திரங்களை வெளியே எறிந்துவிட்டு மகளை உள்ளே இறக்கினேன். அவளுக்குப் பதினொரு வயது. முழங்காலை மடித்து உட்கார்ந்தால்தான் இடம் போதும். மேலே பலகையைச் சாய்த்தபோது, இருட்டில் என் கை தாத்தாவின் கை இருந்த இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

திடீரென்று எல்லாம் நின்றது. மழையும் நின்றது. அக்கம்பக்கத்தில் டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. முடிந்துவிட்டது என்று ஆட்கள் வெளியே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மா வாசலில் நின்று கத்தினார்: "யாரும் வெளியே நிற்காதீர்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. இனிமேல் சோழகம் வரும்." அது அப்பாயி அவருக்குச் சொன்னது. புயலின் கண் மேலே நிற்கும்போது காற்று அடங்கும். கண் கடந்ததும் எதிர்த் திசையில் திரும்பி அடிக்கும். அரை மணி நேரம் இருக்கலாம். தெற்கேயிருந்து அது வந்தது. வடக்குக் காற்றில் வேர் ஆட்டம் கண்டு, ஆனாலும் நின்றுகொண்டிருந்த மரங்களையெல்லாம் தெற்குக் காற்று பிடுங்கிப் போட்டது. கூடத்தின் விட்டம் இறங்கியதும் அப்போதுதான்.

விடிந்தபோது நாங்கள் ஐந்து பேரும் இருந்தோம். நான்கு பேர் நாங்கள், ஐந்தாவது அடைக்கலம் வந்த பக்கத்து வீட்டுத் தாத்தா. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரின் குடிநீர்த் தொட்டி எங்கள் வாசலிலிருந்து தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசலில் நின்றிருக்கிறேன். அந்தத் தொட்டி தெரிந்ததே இல்லை. நடுவில் இருந்த மரம் ஒன்றுகூட இல்லை என்று உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று. காற்று வருஷத்துக்கு மறு ஆண்டு அப்பாயி நட்ட ஒட்டுமாமரம் வேரோடு சாய்ந்து, வேர்த்தூர் என் தலைக்கு மேலே நின்றது. அம்மா அதன் அருகே போகவில்லை. அவிழ்த்துவிட்ட மாடு மூன்றாம் நாள் தானாகத் திரும்பி வந்தது.

வானிலை மையம் அன்று சொன்ன அளவு மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், அவ்வப்போது 120. எண்ணாகப் பார்த்தால் 1977-இல் அடித்ததற்கு அதிகமில்லை. ஆனால் வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னையை நம்பிய ஒரு வாழ்க்கை ஓரிரவில் படுத்துவிட்டது. கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள். ஐம்பது வயதுக்காரருக்கு அது எத்தனை பெரிய கணக்கு என்று நிவாரணப் படிவங்களில் எழுத இடமில்லை. கோடியக்காட்டில் மான்களும் குதிரைகளும் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, உடல்கள் காரைக்கால் கரையில் ஒதுங்கின. உப்பளங்களில் அம்பாரமாகக் குவித்து மூடி வைத்திருந்த உப்பு கரைந்து போயிற்று. புஷ்பவனம் பக்கம் கடல் தண்ணீருக்குப் பதில் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. கரையில் படகை நகர்த்த முடியாத அளவுக்குக் கறுப்புச் சேறு. காற்று வருஷம், தண்ணீர் வருஷம், அலை வருஷம் எல்லாம் பார்த்த ஊருக்கு அது சேற்று வருஷமாகவும் ஆயிற்று.

ஒரு வாரம் கழித்து, நவம்பர் 23, கார்த்திகை தீபம். மின்கம்பங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. பகலில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்த அம்மா, இடிந்த கூடத்துக்குள் தேடிப் பதினேழு அகல் எடுத்தார். எண்ணெய் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். எங்கள் புலத்தில் கூரை இருந்த வீடு, இல்லாத வீடு எல்லாவற்றிலும் விளக்கு ஏற்றினார்கள். மரங்கள் மறைக்காததால் அடுத்த புலத்து விளக்குகளும் அதற்கு அடுத்த புலத்து விளக்குகளும் வரிவரியாகத் தெரிந்தன. அம்மா இரண்டு அகலை மட்டும் தனியாக எடுத்துப்போய்ச் சாய்ந்த மாமரத்தின் தூரருகே வைத்தார். காற்று வருஷத்தில் ஏற்றாமல் உடைந்ததற்கு என்று சொன்னார்.

அந்த மாதத்திலிருந்து கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வருகிற பெரியவர்களிடம் கேட்டு எழுதுகிறேன்: எந்த ஆண்டு, காற்று எந்தத் திசையில் தொடங்கியது, நடுவில் அடங்கியதா, தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எந்தத் தெருவில் நின்றது, மாடுகள் எந்த மேட்டுக்குப் போயின. நாங்கள் ஒவ்வொரு முறையும் போன புயலுக்குத் தயாராகி நிற்கிறோம்; வருவது வேறொன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அடுத்த முறை குடும்பத்தை எங்கே அழைத்துப் போவது என்று முடிவெடுக்கிற ஒருவனுக்காவது உதவும். கடற்கரையில் மணல் அள்ளுகிறவர்களிடம் சண்டை போடவும் அந்த நோட்டு எனக்குப் பயன்பட்டிருக்கிறது. இந்த மேடு 2004-இல் எத்தனை வீட்டைக் காத்தது என்று பக்கத்தைத் திறந்து காட்டினால், பேச்சின் சூடு சற்றுத் தணிகிறது.

1952-க்கு இருபத்திரண்டு பேர் சொன்னது இருக்கிறது. 1977-க்கு நாற்பதுக்கு மேல். 1955-க்கு மூன்றே பேர். தண்ணீர் வருஷத்தைப் பார்த்தவர்கள் வேகமாகக் குறைந்து வருகிறார்கள். வேதாரண்யம், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால், வீட்டில் எண்பதைக் கடந்த யாரிடமாவது இந்த வாரமே கேளுங்கள். பெரிய கதை வேண்டாம். தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது, திண்ணை நனைந்ததா, எத்தனை நாளில் வடிந்தது. அவ்வளவு எழுதி அனுப்பினால் போதும்.